எட்டாம் வீட்டுப் புகைபோக்கி

“‘ஜனவரி 16, வியாழன். செவ்வாயன்று கரும்புகை விட்டது இரண்டாம் வீடு. மூன்றாம் வீடு என்று எழுதியது என் பிழை.’ ஏண்டி எல்சாதா, புகைக்கெல்லாமா டைரி எழுதுவே?”

தெருத் தலைவி சாய்கல் நோட்டை உரக்கப் படிக்க, எல்சாதாவின் வீட்டில் கூடியிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

“நீங்கதானே அக்கா எண்ணச் சொன்னீங்க?” எல்சாதாவுக்குக் காது சிவந்தது.

சொன்னது உண்மைதான். கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் அந்த வருடம் பனி விழுந்த மறுநாளே அடுப்புக் கரிப்புகையில் கறுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சந்தில் மொத்தம் எட்டு வீடுகள். மிகக் குறைவாகப் புகை விடும் வீட்டுக்கு ஒரு மின் சூடேற்றி பரிசு. எல்சாதா தினமும் வேலையிலிருந்து மாலை வகுப்புக்குப் போகும் வழியில் சந்து முனைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று புகைபோக்கிகளை எண்ணினாள்; வீடு திரும்பப் பத்து மணியாகிவிடும். பரிசு தன் வீட்டுக்கே வர வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை. அண்ணன் குழந்தை ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்தது.

“ஒண்ணுதான் புரியலைக்கா. திங்கள் முதல் வீடு, செவ்வாய் ரெண்டாவது, புதன் மூணாவதுன்னு தினம் ஒரு வீட்டுல மட்டும் புகை கண்டபடி வருது. வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல. நான்தான் தப்பா எண்ணிட்டேனோ?”

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“கரி ஈரமா இருந்திருக்கும்” என்று அம்மா அவசரமாகத் தேநீர் ஊற்றினாள்.

“சரி, யாருக்குப் பரிசு?” என்றாள் சாய்கல்.

எல்சாதா நோட்டை வாங்கிப் புரட்டினாள். “எட்டாம் வீடு. இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு நாள்கூடப் புகை இல்லை.”

எட்டாம் வீட்டு ஷைலோபெக் மூலையில் உட்கார்ந்து ரொட்டியை வெண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தார். தனிக்கட்டை.

“எப்படிண்ணே குளிரு தாங்குறீங்க?” என்றாள் எல்சாதா.

“மனசு வேணும் தங்கச்சி. வானம் கெட்டுப்போச்சுன்னு ஊரையே திட்டுறோம். அவனவன் தன் அடுப்பைப் பார்க்கணும்.”

சாய்கல் சூடேற்றி இருந்த அட்டைப்பெட்டியை அவர் முன் நகர்த்தினாள். அவர் அதைத் திருப்பித் தள்ளினார்.

“எனக்கு எதுக்கு? இந்த வீட்டுல குழந்தை இருமுது. இங்கயே மாட்டுங்க.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்சாதாவுக்கு வெட்கமாகிவிட்டது. இப்படி ஒரு மனிதரிடமிருந்து பரிசு கைமாறாதா என்றுதானே ஏங்கினாள்!

“ஒரு நிமிஷத்துல வர்றேன்” என்று ஷைலோபெக் வெளியே போனார்.

கதவு சாத்தியதும் சாய்கல் பெருமூச்சு விட்டாள். “அப்பாடா! இனி திங்கக்கிழமை எங்க வீட்டுல ரெண்டு வாளி கரி மிச்சம்.”

“ஏன்க்கா?”

“அன்னிக்குத்தானே இவர் எங்க வீட்டுக்கு வருவார்! மூணு மணிக்கு வந்தா ஒன்பது மணி வரைக்கும் நகரமாட்டார். விருந்தாளியைக் குளிர்ல உட்கார வைக்க முடியுமா?”

“செவ்வாய் எங்க வீடு” என்றாள் ஒருத்தி.

“புதன் எங்களுது! அவர் முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு வாயை மூடிட்டிருந்தேன்.”

அம்மாவின் முகம் வெளுத்தது. கதவு திறந்தது. ஷைலோபெக்கின் ஒரு கையில் தலையணை, மறு கையில் சுருட்டிய மெத்தை.

“அண்ணே, இன்னிக்கு வியாழன்தானே?” என்றாள் அம்மா.

“இனிமே என்னம்மா கிழமை?” என்று அவர் சூடேற்றிக்கு நேர் எதிரே மெத்தையை விரித்தார்.

எல்சாதா நோட்டை எடுத்து எழுதினாள்: ‘நாளைய வேலை: சந்தில் புகை கட்டாயம் குறையும், எண்ண வேண்டியதில்லை, ரொட்டிக்கு இரண்டு பங்கு மாவு பிசைய வேண்டும்.’