ஆக்ஸிலேட்டர் மேல் ஒரு தகடு

"காலை உள்ள விடாதீங்க மாப்ள, டிரில் ஓடுது!" என்று கத்துகிறார் மச்சான். ஸ்போர்ட்ஸ் காரின் சீட்டில் முதுகும் பெடல்களுக்கு அடியில் தலையுமாக அவர் தலைகீழாகக் கிடக்கிறார். காரை ஓட்டப்போகிறவனின் மனைவிக்கு அண்ணன், இந்தக் காரின் மெக்கானிக்கும் அவர்தான். ரேஸுக்கான பயிற்சி ஓட்டத்துக்கு இன்னும் பத்து நிமிடம். ஓட்டப்போகிறவன் கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாகக் கதவோரம் நிற்கிறான். டார்ச் வெளிச்சத்தில் அலுமினியச் சுருள்கள் மச்சானின் புருவத்தில் உதிர்ந்து மின்னுகின்றன. வளைவில் முன்பாதம் பிரேக்கை அழுத்தியிருக்கும்போதே அதே பாதத்தின் ஓரம் ஆக்ஸிலேட்டரைத் தட்ட வேண்டும். அப்போதுதான் கார் உதறாமல் கியர் இறங்கும். போன வாரம் கார் சுவரில் மோதியதும், "பெடல் எட்டல" என்று அவன் சொல்லிவிட்டான். அதற்காகத்தான் இந்த அகலத் தகடு.

"உங்க கால் அளவைக்கூடச் சரியா பாக்கல. கிழிச்சேன் போங்க!" மச்சான் சிரித்தபடி வெளியே வருகிறார். "டீம் மேனேஜர்கிட்ட என் தப்புன்னு ஒத்துக்கிட்டேன். நாளையிலேர்ந்து வர வேணாம்னுட்டார். அதை விடுங்க, மிதிச்சுப் பாருங்க."

அவன் உட்கார்ந்து பாதத்தைச் சாய்க்கிறான். தகடு கச்சிதமாகத் தட்டுப்படுகிறது. ஹெல்மெட்டுக்குள் காது மடல் இரண்டும் சுடுகின்றன.

"எட்டுதா மாப்ள?"

"முன்னாடியும் எட்டிச்சு மச்சான்."

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நிற்கிறது. அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தே சொல்கிறான்.

"அன்னிக்கு நான் கியரே இறக்கல. கியர் போடவேண்டிய கை, கேலரியில நின்ன உங்க தங்கச்சிக்கு டாட்டா காட்டிட்டிருந்துச்சு."