மாப்பிள்ளை மாட்டிய பெட்டி

“செத்தது செத்துப்போச்சு. எரிக்கிறதா, புதைக்கிறதான்னு நீங்களே சொல்லிடுங்க, மாப்பிள்ளை.”

மாமனார் வாசலிலேயே மறித்துக்கொண்டு கேட்டார். மாப்பிள்ளை தொழிலில் எலெக்ட்ரீஷியன். கையில் டூல்ஸ் பை இருந்தது, முகத்தில் ஈயாடவில்லை.

கூடத்தில் டிவி கிடந்தது. பின்பக்கமெல்லாம் புகை ஏறியிருந்தது. சுவரிலிருந்த பிளக் பாயிண்ட் கரிக்கட்டை நிறத்துக்கு வந்துவிட்டது.

“நேத்து மத்தியானம் இடி. நான் மொட்டை மாடியில துணி எடுத்துக்கிட்டிருந்தேன். டமார்னு ஒரு சத்தம். இறங்கி வந்து பார்த்தா வீடு பூரா புகை, நடுவுல உங்க அத்தை சிலை மாதிரி நிக்கிறா.”

மாப்பிள்ளை டிவியைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் இருந்த கையகல வெள்ளைப் பெட்டியைத்தான் பார்த்தார். கல்யாணமான புதிதில் அவரே வாங்கிவந்து மாட்டியது அது. லைனில் கரண்ட் திடீரென்று எகிறினால், அந்த அடியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு டிவியைக் காப்பாற்றும்.

அன்றைக்கு அவர் மாட்டிவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை. “வானமே இடிஞ்சு விழுந்தாலும் இந்த டிவிக்கு நான் பொறுப்பு, மாமா” என்று மார்தட்டினார். தொழில் தெரிந்தவன் வெளியில் இப்படிப் பேச மாட்டான். மாமனார் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் பேசிவிடுகிறான்.

“வானம் ஒண்ணும் விழலையே, மாப்பிள்ளை. ஒரே ஒரு இடிதான்.”

“என்னன்னு பார்க்கிறேன் மாமா.”

“பாருங்க, பாருங்க. நான் அன்னைக்கே சொன்னேன். சோப்பு டப்பா மாதிரி ஒண்ணு, இடியைத் தடுக்குமாம். அப்புறம், மாடி வயரிங்குக்கு வேற ஆளை வரச் சொல்லிட்டேன். பதினோரு மணிக்கு வந்துடுவான்.”

மாப்பிள்ளை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். புதிதாகக் கட்டுகிற மாடிக்கு வயர் இழுக்கும் வேலை தனக்குத்தான் என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தார். தெருவில் பாதிப் பேரிடமும் சொல்லியிருந்தார். சொந்த மாமனார் வீட்டுக்கே வேறொருவன் ஏணியோடு வந்தால், அப்புறம் இந்தப் பக்கத்தில் ஒரு பல்பு மாட்டக்கூட யார் கூப்பிடுவார்கள்? மணி பத்தரை தாண்டிவிட்டது.

மாமியார் தேநீர் கொண்டுவந்து வைத்தார். மாப்பிள்ளை ஒரு குண்டூசி வாங்கிக் கொடுத்தாலும் அதைப் பக்கத்து வீட்டில் காட்டிவிட்டு வருகிற மனுஷி அவர்.

“முதல்ல இதைக் குடிங்க. இவரு எப்பவும் இப்படித்தான். போனா ஒரு டிவிதானே?”

“ஒரு டிவிதானேவா? நேத்து மூக்கைச் சிந்திக்கிட்டு உட்கார்ந்திருந்தது யாரு, நானா?”

மாப்பிள்ளை தேநீரைத் தொடவில்லை. பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. மூக்கருகே கொண்டுபோனார். கருகல் வாசனைக்குப் பதிலாக அந்துருண்டை வாசனை வந்தது. ராத்திரி தூங்காததில் மூக்கும் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

சமையலறைக்குக் கொண்டுபோய் அங்கிருந்த பாயிண்டில் சொருகினார். பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது.

அடியை வாங்கிய பெட்டி செத்திருக்க வேண்டும், டிவி பிழைத்திருக்க வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறது.

“பெட்டி நல்லாத்தான் இருக்கு மாமா” என்றார், பாதிக் குரலில்.

“அதுக்கென்ன கேடு? இடி வர்றதைப் பார்த்ததும் ஒதுங்கி நின்னு வழி விட்டிருக்கும். பொழைக்கத் தெரிஞ்ச பெட்டி.” மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்தார். “வாங்கிக் கொடுத்தவர் மாதிரியே.”

“சும்மா இருங்களேன்” என்று மாமியார் அதட்டினார்.

மாப்பிள்ளை பெட்டியை உருவி, நாலு திருகுகளையும் கழற்றி உள்ளே பார்த்தார். ஒரு வயர்கூட நிறம் மாறவில்லை. போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களோ? இதே பெட்டியை இன்னும் பன்னிரண்டு வீட்டில் மாட்டியிருக்கிறோமே? தேநீர் ஆடை கட்டிவிட்டது.

வெளியே கேட்டில் ஏணி இடிக்கிற சத்தம் கேட்டது.

“ஆள் வந்தாச்சு” என்று மாமனார் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். “நீங்களும் கூட இருந்து பாருங்க மாப்பிள்ளை. தொழில் கத்துக்கிட்ட மாதிரி இருக்கும்.”

மாப்பிள்ளைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பெட்டியை மூடித் திருகுகளை முடுக்கினார்.

“தப்பு என்னுதுதான் மாமா. சாயந்தரம் எங்க வீட்டு டிவியைக் கொண்டாந்து இங்க வெச்சுடறேன். மாடி வேலையும் அவரே பார்க்கட்டும். இந்தச் சனியனை முதல்ல தூக்கிப் போடறேன்” என்று குப்பைக்கூடையைப் பார்த்து நடந்தார்.

மாமியார் பாய்ந்துவந்து பெட்டியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

“ஐயையோ, நீங்க ஆசையா வாங்கித் தந்ததாச்சே மாப்பிள்ளை! இதுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதானே, ஒவ்வொரு தடவை இடி இடிக்கும்போதும் அது ஓயற வரைக்கும் இதைக் கழட்டிப் பீரோவுல பூட்டிட்டு, டிவியை நேரா சுவத்துல சொருகிடறேன்!”