ஒரு குமிழி காற்று

இதய ஆபரேஷன் முடிந்து கண் விழித்த ரவீந்திரன், மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற மனைவி துளசி டாக்டரிடம் ஓடினாள்.

"டாக்டர், என்னென்னமோ உளறுறாரு. இதயத்தைத் திறக்கும்போது காத்து புகுந்து மூளைக்கு ஏறலாம்னு சொன்னீங்களே, அதேதான்! உடனே ஸ்கேன் எடுங்க."

வெளியே கொழுந்தன் புனிதன் கடிந்துகொண்டான்.

"அபசகுனமாப் பேசாதீங்க அண்ணி. புக்கிட் பெலிம்பிங்குக்கும் பத்தாங் காலிக்குமா லோரி ஓட்டியே ஓடாத் தேஞ்ச மனுசன். அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது லா."

துளசி காதில் வாங்கவில்லை. கண்ணை மூடி மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் முடிந்து டாக்டர் சிரித்த முகத்தோடு வந்தார்.

"ஒரு குமிழிகூட இல்லம்மா. மூளை தெளிவா இருக்கு."

புனிதன் கையெடுத்துக் கும்பிட்டான். துளசியின் முகம் செத்துவிட்டது.

"இன்னொரு தடவை பாருங்க டாக்டர். சின்னக் குமிழியாவது இருக்கும்."

"அப்படி என்னதான்மா சொன்னாரு?"

துளசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மயக்கம் தெளியாத கண்ணோடு, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இன்னும் காதில் சுட்டது.

"புஷ்பா, துளசி வர்றதுக்குள்ள நீ பத்தாங் காலிக்குக் கிளம்பிடு."