மெதுவா ஊத்துடா

மூன்றாவது முறையாக எதிர் ஜன்னலில் அவள் கை உயர்ந்தது. மதுக்கடையில் ஊற்றிக் கொடுக்கும் செவேரோ அதைக் கவனித்துவிட்டான்.

அவன் வலது கையும் தலைக்கு மேலேதான் இருந்தது, ஆப்பிள் மது பாட்டிலோடு. இடது கையில், தொடையோரம் சாய்த்த கிளாஸ். ஹிஹோன் ஊர் மதுக்கடைகளில் ஆப்பிள் மதுவை நுரைக்கும்படி உயரத்திலிருந்துதான் ஊற்றுவார்கள்; பாட்டிலையோ கிளாஸையோ பார்த்து ஊற்றுகிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள். பார்வை நேராக இருக்க வேண்டும். கடைவாசலில் நின்று நேராகப் பார்த்தால், சந்துக்கு அந்தப் பக்கம் ஒல்வீதோவின் ஜன்னல்.

அவள் குடிவந்து ஒரு மாதம். தினமும் ஒரு மணிக்கு வந்து நிற்பாள். அவன் கை ஏறினால் அவள் கையும் ஏறும். ஜன்னல் சின்னது, அவள் நெட்டை. தூக்கிய கையின் நுனியை மேல் சட்டம் மறைத்துவிடும்; இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது.

"உனக்குத்தான்டா மாப்ள கைகாட்டுறா," என்றார் படகுக்காரர் பினின். "நீ நிறுத்தினா அவளும் நிறுத்திடுறா. இன்னும் என்ன, பத்திரிகை அடிச்சு அனுப்பணுமா?"

கடைக்காரி மரூஹா கல்லாவிலிருந்து குரல் கொடுத்தாள். "மெதுவா ஊத்துடா. அந்தப் பொண்ணு கண்ணாரப் பார்க்கட்டும்."

மெதுவாக ஊற்றினான். மது நூலாக இறங்கியது.

நேற்று ரொட்டிக்கடையில் அவளை நேரில் பார்த்தான். வெயில் நாளில் அவளுடைய இடது செருப்பு மட்டும் சொதசொதவென்று நனைந்திருந்தது. அவள் பார்வையோ அவனுடைய வலது கையைவிட்டு நகரவில்லை.

அதைச் செவேரோ சொன்னதும், "மோதிரம் இருக்கான்னு பார்த்திருக்கா!" என்று பினின் மேசையைத் தட்டினார். அந்த ஊரில் கல்யாண மோதிரம் வலது கையில்தான்.

அதற்குமேல் செவேரோவால் தாங்க முடியவில்லை.

"அக்கா, இந்த ஞாயிறு ஒரு நாள் லீவு குடு. அவளைக் கடற்கரைக்குக் கூப்பிடணும். இப்ப விட்டா எனக்கு இந்த ஜென்மத்துல கல்யாணம் இல்லே."

ஆறு வருடத்தில் ஒரு ஞாயிறுகூட அவனை விட்டதில்லை மரூஹா. கடை நிரம்பி வழியும் நாள் அது. இன்று என்னவோ, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"தாராளமா எடுத்துக்கடா. யாரு வேணாங்கறா?"

பூக்காரியிடம் ஒரு கொத்து வாங்கிக்கொண்டு சந்தின் அந்தப் பக்கம் ஓடினான். கதவு திறந்தது. ஒல்வீதோ சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாள். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது.

"நீங்களா! உள்ள வாங்க."

"இல்லீங்க... ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. கடற்கரைக்குப் போலாமா, ரெண்டு பேரும்?"

அவள் பூவை வாங்கிக்கொண்டாள். பிறகு உதட்டைக் கடித்தாள்.

"ஞாயித்துக்கிழமையா? முடியாதே."

"ஏன்? வேற யாராவது...?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. மரூஹாக்கா சொல்லலையா? ஒரு மாசமா உங்களைப் பார்த்துப் பழகிட்டேனே, அன்னிக்கு உங்க இடத்துல நான்தானே ஊத்தறேன்!"