பதினோரு பக்கம்

திண்டுக்கல்லின் மூன்று மாடிப் புத்தகக் கடையில் காலை வெயில் கண்ணாடி வழியே அலமாரிகள் மேல் சாய்கிறது. உள்ளூர்க்காரர்களும் கொடைக்கானல் போகிறவர்களும் தோளுரச நிற்கிறார்கள். பூ மார்க்கெட்டில் மல்லிகையைப் போட்டுவிட்டு வரும் நாகஜோதி, சனிக்கிழமைதோறும் ஊருக்குப் பஸ் வரும்வரை இங்கே நின்றபடியே ஒரு நாவலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பாள். போகும்போது அதை உரம், பூச்சிமருந்துப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். இன்று அது ஒரு வெளியூர்ப் பெண்ணின் கையில் இருக்கிறது. "இது நல்லா இருக்குமாங்க?" என்று அந்தப் பெண் இவளிடமே கேட்கிறாள். கடையில் வேறு பிரதி இல்லை. இவள் படித்து முடிக்க இன்னும் பதினோரு பக்கம் இருக்கிறது. போன வாரமே வாங்கியிருக்கலாம். "அம்புட்டு நல்லாருக்கும்க்கா, எடுத்துக்கங்க," என்கிறாள் நாகஜோதி. அந்தப் பெண் நாவலைப் பிரித்து முகத்தருகே கொண்டுபோகிறாள். "அட, புதுப் புத்தகத்துல மல்லிகை வாசம் வருது!" நாகஜோதி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறாள்.