மச்சில் வைத்த மைக்

"ஆனந்தவல்லி உண்டு. மகன் மகேஷ்குமார் உண்டு. பக்கத்து வீட்டு யோசுவா சார் உண்டு. சங்கரி, நீயும் உண்டு. நாலு பேரு இருக்கச்சில சொல்லுகேன். எனக்க வீட்டு மச்சுல வவ்வாலு கிடையாது."

கைலாசநாதன் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். கொல்லயில் என்ற அந்த ஊரில் அவருடையது நாலு தலைமுறையாகச் சர்க்கார் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்த குடும்பம். சாட்சிகளைப் பெயர் சொல்லி அடுக்காமல் அவர் எதையும் ஆரம்பிப்பதில்லை.

"உண்டுன்னு நான் சொல்லல்லியே அண்ணே," என்றார் யோசுவா. "அமரவிளை டீக்கடையில பேசினதைச் சொன்னேன். வவ்வாலு அடையுத வீடுன்னா ஆளொழிஞ்ச வீடாக்கும்னு ஒருத்தன் சிரிக்கான்."

"எவன்?"

"கடை நிறைய ஆளு. எவன்னு சொல்ல?"

"ஏணி வச்சு ஏறிப் பாத்தா தீர்ந்துதுல்லா அப்பா," என்றான் மகேஷ்குமார்.

"நம்ம ஆளு ஏறி நம்ம வீட்டுக்குச் சாட்சி சொன்னா ஊரு ஒத்துக்கிடுமா? கருவி சொல்லணும்." கைலாசநாதன் சங்கரியின் பக்கம் திரும்பினார். "உனக்க படிப்பு இதுதானே? என்ன வேணும், சொல்லு."

சங்கரி அவருடைய தம்பி மகள். தம்பி இறந்த பிறகு அவள் படிப்புச் செலவு அவர் கையில். திருவனந்தபுரத்தில் வவ்வால்களின் ஒலியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். மைக் இல்லாமல் வேலை நின்று கிடந்தது. இந்த மாதத்துக்குள் ஒரு பதிவாவது காட்டாவிட்டால் தலைப்பையே மாற்றிவிடுவேன் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். சித்திரையில் அவள் மைக்குக்குப் பணம் கேட்டபோது, "வவ்வாலுக்கு இந்தக் குடும்பத்துப் பணம் ஒரு பைசா இறங்காது," என்று இதே நாலு பேர் முன்னால் சொன்னவர் கைலாசநாதன். சொன்ன சொல்லை அவர் திருத்திய வழக்கம் இல்லை.

"மொபைல்ல பிடிச்சா போதாதா மக்கா?" என்றாள் ஆனந்தவல்லி.

"நம்ம காதுக்கு எட்டுத சத்தம்தான் அதுல கிட்டும் பெரியம்மை. வவ்வாலு அதுக்கும் மேல கத்தும். அதுக்குன்னு தனி மைக் உண்டு. வெளிநாட்டுப் பெட்டி எழுபதாயிரம்."

"வவ்வாலு ஓசியிலதானே கத்துகு," என்றார் யோசுவா. "கேக்குதவனுக்கு எழுபதாயிரமா?"

"குறைஞ்ச விலையில?" என்றார் கைலாசநாதன்.

"மூவாயிரத்துக்கு ஒண்ணு உண்டு பெரியப்பா. தொண்ணூறு கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும்."

"அது வேண்டாம். நூத்தி முப்பதுல கத்துத இனமும் உண்டுல்லா? அது மச்சுல இருந்தா இந்த மைக்குக்குக் கேக்காது. பொறவு டீக்கடைக்காரன் அதையே பிடிச்சுக்கிடுவான்."

சங்கரி அவரை ஒரு கணம் பார்த்தாள். நூற்று முப்பது என்று அவள் சித்திரையில் ஒருமுறை சொன்னதுதான். அப்போது அவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நூத்தி முப்பதும் கேக்குத மைக் விரல் அளவுதான் இருக்கும். லேப்டாப்புல சொருகினா போதும். பதினோராயிரம்."

"அதை வரவழை. இது குடும்ப மானத்துக்கு ஆகுத செலவு, வவ்வாலுக்கு இல்ல. எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

மகேஷ்குமார் சங்கரியின் பக்கம் சாய்ந்தான். "பிள்ளே, நீ எப்பம் முதலு டீக்கடைக்குப் போக ஆரம்பிச்சே?"

"சும்மா இரி அண்ணா," என்றாள் சங்கரி.

ஆறாம் நாள் மாலை நீள வயரோடு மைக் மச்சில் ஏறியது. கீழே அதே நாலு பேரும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விளக்கு வைத்து ஒரு மணி நேரம் ஆனது. திரையில் ஒரு கோடும் எழவில்லை.

"ஒரு வவ்வாலும் இல்ல பெரியப்பா."

"எழுது. தேதி போடு. நாலு பேரும் ஒப்பு வைக்கணும்."

யோசுவா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "சர்ச்சுல எத்தனையோ கல்யாணத்துக்குச் சாட்சி ஒப்பு வச்சிருக்கேன். வவ்வாலு இல்லாததுக்கு வைக்கது இதுதான் முதல் தடவை."

கைலாசநாதன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இந்த மைக்கு?" சங்கரி மெதுவாகக் கேட்டாள்.

"வேலை தீர்ந்த சாமானம். இஞ்ச கிடந்தா இடைஞ்சலு. கொண்டு போ."

"நான் எடுத்துக்கிடட்டா?"

"உனக்குத் தந்தேன்னு நான் சொல்லல்ல. இஞ்ச இருந்து கொண்டு போன்னுதான் சொன்னேன்."

மறுநாளே சங்கரி அதை ஒரு பாறையிடுக்கில் வைத்தாள். மாதம் முடியுமுன் மூன்று இன வவ்வால்களின் பதிவு வழிகாட்டியின் மேசைக்குப் போனது.

மைக் வாங்குவதற்காகச் சங்கரியே கிளப்பிவிட்ட பேச்சு அது என்று இப்போது கொல்லயில் ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். அது தவறு. அமரவிளை டீக்கடையில் ஒவ்வொருவராகப் பார்த்து, "எனக்க மச்சுல வவ்வாலு உண்டுன்னு ஊருல சொல்லுதாவளாமே, நீங்க கேட்டியளா?" என்று முதன்முதலில் விசாரித்தவர் கைலாசநாதன்.