ஐந்து மணிச் சங்கு

மேடைக்குப் பின்னால் ஹெர்பர்ட் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"சங்கு இருக்குல்ல ஜெகதீசா?"

நான் தலையாட்டிவிட்டேன்.

அப்படித் தலையாட்டியதற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். தேயிலை விலை விழுந்ததில் எங்கள் எஸ்டேட் பாக்டரியை ஆடி மாதமே மூடிவிட்டார்கள். கரண்டையும் துண்டித்துவிட்டார்கள். கூரைமேல் இருந்த சங்கைப் போன மாதம் கழற்றி, பழைய இரும்போடு லாரியில் ஏற்றிவிட்டதே நான்தான். பாக்டரியின் எலக்ட்ரீஷியனாக நான் செய்த கடைசி வேலை அது.

பாக்டரி மூடியது அண்ணனுக்குத் தெரியும். சங்காவது மிச்சம் இருக்கும் என்று நம்பி வந்திருக்கிறார்.

அண்ணன் வருடாவருடம் வந்து வாசிக்கும் எஸ்டேட் விளையாட்டு விழா இந்த வருடம் கிடையாது. மேனேஜர் கோயம்புத்தூருக்கே போய்விட்டார். சனங்கள்தான் அண்ணனைக் கூப்பிட்டார்கள். குன்னூரிலிருந்து ஜெனரேட்டரும் அவர்களே ஜீப்பில் கொண்டுவந்தார்கள்.

அண்ணனுக்கு அறுபத்து நான்கு வயது. தோல் ஜாக்கெட், தோளில் சிவப்பு கிட்டார். அண்ணன் மேடை ஏறியதும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் அந்தப் பெரட்டுக் களம் கைதட்டலில் அதிர்ந்தது.

நானூறு பேராவது இருப்பார்கள். பாதிப்பேர் வேலை தேடித் திருப்பூர் போனவர்கள். பொங்கலுக்கு வராதவன்கூட இதற்கு பஸ் பிடித்து வந்திருந்தான்.

முன்வரிசை எப்போதும் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு. அன்னக்கிளி அக்கா தன் கடைசிப் பையனுக்கு ஹெர்பர்ட் என்று பெயர் வைத்து, மாரியம்மன் கோயிலில் மொட்டையும் போட்டவள். அண்ணன் பாடுவதெல்லாம் இங்கிலீஷ் ராக் பாட்டு. ஒருத்திக்கும் அர்த்தம் தெரியாது. பதினைந்து வருடமாகத் தங்கள் காதில் விழுந்த மாதிரி ஏதோ ஒரு பாஷையில் கூடவே பாடுகிறார்கள். தாளம் மட்டும் தப்பவே தப்பாது.

இருளப்பன் மார்பில் கிட்டார் பச்சை குத்தியிருக்கிறான். அதைக் காட்டுவதற்காக இந்தக் குளிரிலும் சட்டையைத் திறந்துவிட்டு, வாயை மட்டும் மப்ளரால் சுற்றிக்கொண்டு நின்றான். கிறுக்குப்பயல் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் இங்கே முதன்முதலில் வாசித்த அன்று, சரியாகத் தொடங்கும் நேரத்தில் பாக்டரியின் ஐந்து மணிச் சங்கு குறுக்கே ஊதியது. வேறு ஆளாக இருந்தால் முகம் சுளித்திருப்பார். அண்ணன் சங்கு ஏற ஏறக் கிட்டாரையும் அதே சுருதியில் ஏற்றினார். சங்கு இறங்கிய பிறகும் விடாமல் பிடித்து, அப்படியே முதல் பாட்டுக்குள் போய்விட்டார். சனங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

அப்போதிருந்து அதுதான் வழக்கம். அண்ணன் கையைத் தூக்குவார், சங்கு ஊதும், தந்தியில் அடிப்பார். அது இல்லாமல் கச்சேரி தொடங்காது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் என்னைத் தேடி சுவிட்ச் ரூமுக்கு வந்தார். பெரிய பெரிய ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்திலேயே நின்று காது போய்விட்டது என்றார். மோசஸ் அடிக்கும் டிரம்ஸ் மேடைப் பலகையில் அதிர்வதை வெறுங்காலில் வாங்கித்தான் வாசிக்கிறாராம். பாட்டு விரலுக்குப் பழகியது, அது பிரச்சினை இல்லை. சங்குதான் கேட்பதில்லை.

அன்றிலிருந்து சங்கு அவருக்காகக் காத்திருந்தது. நான் பாக்டரி ஜன்னலில் நின்று பார்ப்பேன். அவர் கை மேலே போனதும் சுவிட்சை அமுக்குவேன். ஒரு வருடம் ஐந்து மூன்று. ஒரு வருடம் ஐந்து ஏழு. களத்தில் அத்தனை பேரும் உடனே தங்கள் வாட்சைப் பார்த்து, சங்குக்குத் தகுந்தபடி முள்ளைத் திருகுவது ஜன்னலிலிருந்தே தெரியும். எனக்குச் சிரிப்பாக வரும். எவ்வளவு நம்பிக்கை என்று கொஞ்சம் பாவமாகவும் இருக்கும்.

மோசஸுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் அது.

இன்று ஜன்னலும் இல்லை, சுவிட்சும் இல்லை. நான் கூட்டத்துக்குள் நின்றேன்.

சங்கு ஊதிவிட்டது என்று நினைத்து அவர் தந்தியில் அடிப்பார். எவனாவது ஒருத்தன் விஷயம் புரிந்து களுக்கென்று சிரித்தால் போதும். காதுக்குப் பதிலாக முகங்களைப் பார்த்தே காலம் தள்ளுகிற மனிதர். கண்டுபிடித்துவிடுவார். அதன்பிறகு எந்த மேடையும் ஏறமாட்டார்.

அண்ணன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். மோசஸ் குச்சிகளைக் கையில் எடுத்தான். அண்ணன் கூட்டத்தை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, வலது கையைத் தூக்கினார்.

ஊளையிட்டாவது காப்பாற்றுவோம் என்று நான் வாயைத் திறந்தேன்.

எனக்கு முன்பே சங்கு ஊதியது.

முன்வரிசைப் பெண்கள் அடிவயிற்றிலிருந்து தொடங்கினார்கள். இருளப்பன் சேர்ந்துகொண்டான். திருப்பூர்க்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். நானூறு தொண்டையும் ஒன்றாக ஏறி, உச்சியில் நின்று, பாக்டரிச் சங்கு மாதிரியே இழுத்து இழுத்து இறங்கியது. யார் வாய் அசைவதும் மேடைக்குத் தெரியாது. அப்போதுதான் பார்த்தேன், எல்லோர் வாயையும் மப்ளரோ முந்தானையோ மூடியிருந்தது.

சரியான இடத்தில் கிட்டார் சேர்ந்துகொண்டது.

அண்ணன் முகத்தில் சிரிப்பு. களத்தில் அத்தனை பேரும் குனிந்து வாட்சைத் திருகினார்கள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னால் நின்ற அன்னக்கிளி அக்கா திரும்பிப் பார்த்து, முந்தானையை இறக்கிக்கொண்டு சொன்னாள்.

"நீ ஜன்னல்ல நின்னு பாக்குறேன்னுதான் தம்பி ஒம்பது வருசமா திருகுனோம். லயத்து வீட்டுக்குப் போனதும் திருப்பி வச்சுக்குவோம்."